மாட்டு வயித்துக்குள்ள ஹைட்ரஜன் எங்க போகுது? தீவனச் சேர்க்கை, மீத்தேன், கெட்ட பாக்டீரியா பத்தி ஒரு விளக்கம்

மாடு விடற மீத்தேன் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ரெண்டு விஷயம் தப்பா போயிடுது. ஒண்ணு, அது பின்பக்கமா வர்ற வாயுன்னு நினைச்சுக்கறாங்க, உண்மையில 90 சதவீதத்துக்கு மேல ஏப்பமாவும் மூச்சாவும் வாய், மூக்கு வழியாத்தான் வெளிய வருது. இத விட பெரிய தப்பு ரெண்டாவது. மீத்தேன உண்டாக்கற கிருமி ஒண்ணு இருக்கு, அத கொல்ற மருந்து ஒண்ண தீவனத்துல கலந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறது. கொல்றது அவ்வளவு கஷ்டம் இல்லங்க. அந்த கிருமி இதுவரைக்கும் பாத்துட்டிருந்த வேலைய இனிமே யாரு பாக்கறதுங்கறதுதான் கேள்வி, அதுக்கு பதில் தெரியாம எந்த தீவனச் சேர்க்கையையும் எடை போட முடியாது.

ரூமென்னு சொல்ற பெருவயிறு நல்லா வளந்த பசுவுக்கு 100 லிட்டருக்கு மேல பிடிக்கும். உள்ள 39 டிகிரி சூடு, ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது, புளிப்ப அளக்கற பிஎச் (இது குறைய குறைய புளிப்பு அதிகம்) பெரும்பாலும் 6லேர்ந்து 7க்குள்ள. அந்த தண்ணியில ஒரு மில்லி எடுத்தா 1000 கோடி பாக்டீரியாவுக்கு மேல இருக்கும், கூடவே புரோட்டோசோவாங்கற ஒரு செல் உயிருங்க, பூஞ்சை, அப்புறம் பாக்டீரியா மாதிரியே தெரிஞ்சாலும் முற்றிலும் வேற வம்சமான ஆர்க்கியா. புல்லுல இருக்கற செல்லுலோஸ உடைக்கற என்சைம் மாட்டோட உடம்புல சுரக்கறதே இல்ல, அந்த வேலை மொத்தமும் இந்த கூட்டத்தோடது. நாம போடற தீவனத்த முதல்ல இதுங்கதான் தின்னுது, தின்னுட்டு வெளிய விடற அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட்ங்கற மூணு அமிலத்த பெருவயித்து சுவர் உறிஞ்சிக்குது, மாட்டுக்கு கிடைக்கற சக்தியில சுமார் 70 சதவீதம் இந்த அமிலத்துலேர்ந்துதான். கடைசியில அந்த கிருமிங்களே அடுத்தடுத்த வயித்துக்கு போய் செரிச்சு மாட்டுக்கு புரதமாவும் ஆயிடுது.

இப்ப கணக்குக்கு வருவோம், ஏன்னா மத்த எல்லாமே இந்த ஒரு கணக்குலதான் தொங்குது. ஒரு குளுக்கோஸ உடைச்சு ரெண்டு அசிட்டேட் பண்ணினா கூடவே 4 ஹைட்ரஜன் வெளிய வரும். அதே குளுக்கோஸ ஒரு பியூட்டிரேட்டா மாத்தினா 2 ஹைட்ரஜன் வரும். ஆனா புரோப்பியோனேட் பண்ணினா ஹைட்ரஜன் வராது, அதுக்கு பதிலா 2 ஹைட்ரஜன உள்ள இழுத்துக்கும். அப்ப நார்ச்சத்து நிறைய இருக்கற புல், வைக்கோல் மாதிரி தீவனத்துல அசிட்டேட் அதிகம், அதனால ஹைட்ரஜனும் அதிகம், மாவுச்சத்து நிறைய இருக்கற தானியத்துல புரோப்பியோனேட் பக்கம் சாயும், ஹைட்ரஜன் குறையும். இப்படி வர்ற ஹைட்ரஜன அங்கயே விட்டு வெச்சா என்ன ஆகும்? சேர சேர, நார உடைக்கற கிருமிங்களுக்கு மூச்சு முட்டற மாதிரி ஆகும், எலக்ட்ரான இறக்கி வெக்க இடமில்லாம அதுங்களோட வேலை மந்தமாகும், செரிமானம் குறையும். இங்கதான் ஆர்க்கியா வருது. மெத்தனோபிரெவிபாக்டர்ங்கற இனம் இதுல முக்கியமானது, 4 ஹைட்ரஜனையும் ஒரு கார்பன் டை ஆக்சைடையும் சேத்து ஒரு மீத்தேனாவும் ரெண்டு தண்ணியாவும் மாத்தி விட்டுடும். மாடு ஏப்பம் விடும், குப்பை வெளிய போயிடும்.

ஒரு கிருமி விடற ஹைட்ரஜன இன்னொண்ணு வாங்கிக்கற இந்த ஏற்பாடு தெளிவா புரிஞ்சதே 1960கள்லதான். அதுவரைக்கும் ஆல்கஹாலிலேர்ந்து மீத்தேன் பண்ற ஒரே கிருமின்னு நினைச்சு வளத்துட்டிருந்த ஒண்ணு, உண்மையில ரெண்டு வேற வேற உயிர் ஒட்டி வாழ்றதுன்னு 1967ல மார்வின் பிரையன்ட்ங்கற ஆய்வாளரும் அவரோட சேந்தவங்களும் காட்டினாங்க, ஒண்ணு ஹைட்ரஜன் விடுது, இன்னொண்ணு அத தின்னுது, ரெண்டையும் பிரிச்சா ஆல்கஹாலுல முதல் கிருமி சரியா வளரவே மாட்டேங்குது. பெருவயிறு மொத்தமும் இந்த மாதிரி கொடுக்கல் வாங்கல்லதான் ஓடுது. 2015ல வெளியான ஒரு ஆய்வுல 35 நாட்டுலேர்ந்து 742 விலங்கோட மாதிரிய எடுத்துப் பாத்தாங்க, மாடு, ஆடு, எருமை, ஒட்டகக் குடும்பத்து விலங்கு, மான் எல்லாம் அதுல உண்டு. பாக்டீரியா தீவனத்துக்கும் விலங்குக்கும் ஏத்த மாதிரி மாறுது, ஆனா மீத்தேன் பண்ற ஆர்க்கியா மட்டும் உலகம் பூரா கிட்டத்தட்ட ஒரே கூட்டம். எனக்கு இது ரொம்ப நம்பிக்கை தர்ற விஷயமா படுது, ஏன்னா எங்கயோ ஒரு இடத்துல வேலை செய்யற வழி இன்னொரு இடத்துலயும் வேலை செய்யறதுக்கு வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம்.

மாடு தின்ற மொத்த சக்தியில 2லேர்ந்து 12 சதவீதம் வரைக்கும் மீத்தேனா காத்துல போயிடுதுன்னு அளந்திருக்காங்க, பொதுவா கணக்கு போடறப்ப 6.5 சதவீதம்னு வெச்சுக்குவாங்க. ஒரு பசு ஒரு நாளைக்கு விடறது சுமார் 250லேர்ந்து 500 லிட்டர். மனுஷங்களால வர்ற மீத்தேன்ல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் குறைவா இந்த அசைபோடற விலங்குகளோட வயித்துலேர்ந்து வருது. மீத்தேன் காத்துல தங்கறது சுமார் 12 வருஷம்தான், ஆனா 100 வருஷ கணக்குல கார்பன் டை ஆக்சைட விட 27 மடங்குக்கு மேல, 20 வருஷ கணக்குல சுமார் 80 மடங்கு சூடேத்தும். சீக்கிரம் கரையறதால இத குறைச்சா பலனும் சீக்கிரம் தெரியும், அதனாலதான் 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுல 2020 அளவுலேர்ந்து 30 சதவீதத்த 2030க்குள்ள குறைக்கணும்னு பல நாடுங்க சேந்து உறுதிமொழி எடுத்தாங்க, அதுக்கப்புறம்தான் தீவனச் சேர்க்கைக்கு இவ்வளவு பணமும் கவனமும் வந்தது.

ஆனா தீவனச் சேர்க்கைங்கறது மீத்தேனுக்காக பிறந்ததே இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு. மொனென்சின் கதைய பாத்தா புரியும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து கிருமியிலேர்ந்து 1967 வாக்குல எடுத்தாங்க, முதல்ல கோழிக்கு வர்ற ரத்தக்கழிச்சலுக்கு கொடுத்தாங்க, 1975ல அமெரிக்காவுல மாட்டுத் தீவனத்துக்கு அனுமதி வந்தது. இது வேலை செய்யற விதம் அழகானது. பாக்டீரியாவோட சவ்வுல போய் உக்காந்துகிட்டு பொட்டாசியத்த வெளிய விடும், சோடியத்தையும் ஹைட்ரஜன் அயனியையும் உள்ள விடும், அந்த பாக்டீரியா உள்ள வந்தத திரும்ப வெளிய தள்ளியே தன்னோட சக்திய எல்லாம் செலவு பண்ணி வளர முடியாம நின்னுடும். வெளிச்சவ்வு இருக்கற கிராம் நெகட்டிவ் கிருமிங்களுக்கு பெருசா பாதிப்பு இல்ல, அது இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமிங்கதான் மாட்டிக்கும். பெருவயித்துல அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் விடறதுங்கள்ல பல கிராம் பாசிட்டிவ், புரோப்பியோனேட் பண்றதுங்கள்ல பல கிராம் நெகட்டிவ், அதனால மொத்த நொதித்தலே புரோப்பியோனேட் பக்கம் சாஞ்சுடுது. கவனிங்க, மீத்தேன் பண்ற ஆர்க்கியாவ மொனென்சின் நேரா ஒண்ணும் பெருசா பண்றதில்ல, அதுக்கு வர்ற சாப்பாட்டத்தான் குறைக்குது.

அதனாலயே மீத்தேன் விஷயத்துல மொனென்சின் பெரிய ஆள் கிடையாது. சில சோதனையில முதல் சில வாரம் 30 சதவீதம் வரைக்கும் குறைஞ்சு, புரோட்டோசோவா பழகினதும் பழைய அளவுக்கே திரும்பி வந்திருக்கு. இத நான் முக்கியமா சொல்றேன், ஏன்னா எந்த புது சேர்க்கை வந்தாலும் முதல்ல வெளிய வர்றது சில வார சோதனையோட நம்பர்தான். மொனென்சினோட உண்மையான பலன் வேற இடத்துல இருக்கு, தீவனம் மிச்சமாகுது, பயறு வகை பசுந்தீவனத்தால வர்ற வயிறு உப்புசம் குறையுது, கன்னு போட்ட பசுவுக்கு சக்தி பத்தாம வர்ற கீட்டோசிஸ்ங்கற நோய் குறையுது, அப்புறம் சில கெட்ட கிருமிங்களும் அடங்குது.

கெட்ட கிருமின்னு சொன்னேன், ஆனா பெருவயித்துக்குள்ள அந்த வார்த்தைய ஜாக்கிரதையா பயன்படுத்தணும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ்னு ஒண்ணு, எல்லா மாட்டு வயித்துலயும் கொஞ்சமா அமைதியா இருக்கும். புல் தின்னுட்டிருந்த மாட்டுக்கு திடீர்னு நிறைய தானியத்த கொட்டினா, அந்த மாவுச்சத்துல இது மத்த எல்லாத்தையும் விட வேகமா பெருகும், சர்க்கரை தாராளமா கிடைச்சா லாக்டிக் அமிலம் பண்ண ஆரம்பிச்சுடும். லாக்டிக் அமிலம் அசிட்டிக் மாதிரி அமிலத்த விட சுமார் 10 மடங்கு பலமானது. பிஎச் 5.5க்கு கீழ போகும், அந்த புளிப்புல ஸ்ட்ரெப்டோகாக்கஸே தளந்துடும், ஆனா லாக்டோபேசிலஸ் வந்து அதே வேலைய தொடரும், லாக்டிக் அமிலத்த தின்னு சரி பண்ற மெகாஸ்ஃபேராங்கற கிருமி இந்த வேகத்துக்கு பெருகி வர முடியாது. பிஎச் 5க்கும் கீழ போனா மாடு விழுந்துடும், சாகவும் சாகும். நேத்து வரைக்கும் சாதுவா இருந்த கிருமிய இன்னிக்கு கொலைகாரனா மாத்தினது தீவனம்தான்.

மாடு பிழைச்சாலும் கதை முடியறதில்ல. புளிப்புல பெருவயித்து சுவர் புண்ணாகும், அந்த புண்ணு வழியா ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம்ங்கற இன்னொரு வழக்கமான குடித்தனக்காரன் ரத்தத்துல நுழைஞ்சு கல்லீரலுக்கு போய் சீழ்க்கட்டி வெக்கும். தானியம் அதிகமா போட்டு கறிக்காக மாடு கொழுக்க வெக்கற பெரிய பண்ணைங்கள்ல இது பெரிய நஷ்டம், அத தடுக்க அமெரிக்காவுல டைலோசின்ங்கற ஆன்டிபயாட்டிக்க தீவனத்துலயே கலந்தாங்க. டைலோசின் சேந்த குடும்பம் மனுஷங்களுக்கும் தேவைப்படற மருந்துக் குடும்பம், 2017லிருந்து அங்க டாக்டர் உத்தரவு இல்லாம அத தீவனத்துல கலக்க முடியாது. ஐரோப்பிய யூனியன் 2006 ஜனவரி 1லிருந்து வளர்ச்சிக்காக தீவனத்துல ஆன்டிபயாட்டிக் கலக்கறதையே நிறுத்திடுச்சு, மொனென்சினும் அதுல அடக்கம், மனுஷ மருந்தா அது பயன்படறதில்லன்னாலும். ரெண்டு பக்கமும் வாதம் இருக்கு, என்னோட கருத்து என்னன்னா, தானியத்த படிப்படியா கூட்டி, போதுமான நார் கொடுத்து சரி பண்ணக்கூடிய ஒரு நோய்க்கு தினமும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கறது நியாயமில்ல. நார் தின்னா மாடு அசைபோடும், அசைபோட்டா எச்சில் ஊறும், ஒரு பசு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல எச்சில் சுரக்கும், அதுல இருக்கற பைகார்பனேட்தான் புளிப்ப அடக்கற முதல் மருந்து. தீவனத்துல சோடா உப்பு கலக்கறதும் ஈஸ்ட் கலக்கறதும் இந்த வேலைக்கு கைகொடுக்கறதுதான்.

மொனென்சின விடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். டிரிப்டோஃபேன்ங்கற அமினோ அமிலத்த பெருவயித்துல சில கிருமிங்க 3-மெத்தில் இண்டோல்னு ஒரு விஷமா மாத்தும், காய்ஞ்ச இடத்துலேர்ந்து திடீர்னு பச்சைப்பசேல் மேய்ச்சலுக்கு மாத்தின மாடு சில நாள்ல மூச்சு வாங்கி சாகறதுக்கு காரணம் இதுதான், நுரையீரல்தான் அடி வாங்கும். மொனென்சின் இந்த மாத்தத்த தடுக்கும். ரெண்டாவது எச்சரிக்கை, குதிரைக்கு இது கடுமையான விஷம், உடம்பு எடையில ஒரு கிலோவுக்கு 2, 3 மில்லிகிராம் போனாலே இதயத் தசை கெட்டு செத்துடும், மாட்டுத் தீவனமும் குதிரைத் தீவனமும் ஒரே மிக்ஸர்ல ஓடற இடத்துல இந்த மாதிரி சாவு நடந்திருக்கு. தீவனத்துல எதையாவது கலக்கறோம்னா அது எந்த விலங்குக்குங்கறது சின்ன விஷயம் இல்ல.

இப்ப நேரா ஆர்க்கியாவையே அடிக்கற சேர்க்கைகளுக்கு வருவோம். மீத்தேன் பண்றதோட கடைசி படியில எம்சிஆர்னு ஒரு என்சைம் இருக்கு, அதோட நடுவுல ஒரு நிக்கல் அணு. இந்த என்சைம் இல்லாம எந்த ஆர்க்கியாவும் மீத்தேன் பண்ண முடியாது, நார உடைக்கற பாக்டீரியாவுக்கும் மாட்டுக்கும் இந்த என்சைமே கிடையாது. குறி வெக்கறதுக்கு இத விட நல்ல இடம் இல்ல. 3-நைட்ராக்சிபுரோப்பனால், சுருக்கமா 3-என்ஓபி, அந்த என்சைம் வழக்கமா பிடிக்கற மூலக்கூறோட உருவத்துல இருக்கும், உள்ள போய் உக்காந்து நிக்கல ஆக்சிஜனேற்றம் பண்ணி செயலிழக்க வெச்சுடும். பொவேர்ங்கற பேர்ல விக்கறது இதுதான், 2021ல பிரேசிலும் சிலியும், 2022ல ஐரோப்பிய யூனியனும், 2024ல கனடாவும் அமெரிக்காவும் அனுமதிச்சாங்க. ஒரு கிலோ உலர்ந்த தீவனத்துக்கு 60லேர்ந்து 80 மில்லிகிராம் போதும், 20 கிலோ தின்ற பசுவுக்கு கணக்கு போட்டா 1.2லேர்ந்து 1.6 கிராம்தான் வரும், கறவை மாட்டுல சராசரியா 30 சதவீதம் மீத்தேன் குறையுது. நார் அதிகமான தீவனத்துல பலன் குறையும், இத மறக்கக்கூடாது.

இத பத்தி பயமும் நிறைய கிளம்புச்சு. 2024 கடைசியில பிரிட்டன்ல ஒரு பெரிய பால் நிறுவனம் சில பண்ணையில சோதனை பண்றதா அறிவிச்சதும் ஜனங்க பாலையே கீழ கொட்டி வீடியோ போட்டாங்க. மருந்து பெருவயித்துலயே சில மணி நேரத்துல உடைஞ்சுடுது, சொல்லிக் கொடுத்த அளவுல போட்டா பாலுக்கும் குடிக்கறவங்களுக்கும் பிரச்சனை இல்லன்னு உணவு பாதுகாப்பு அமைப்புங்க சொல்லியிருக்காங்க, சுத்தமான பொடிய கையாள்றவங்க தோலுக்கும் கண்ணுக்கும் மூச்சுக்கும் பாதுகாப்பு போட்டுக்கணும்னு எழுதினதத்தான் பல பேர் பாலோட எச்சரிக்கைன்னு படிச்சுட்டாங்க. அதே நேரம் கேள்வி கேட்டவங்கள முட்டாள்னு ஒதுக்கினதும் எனக்கு ஒப்பல. டென்மார்க்ல 2025ல பெரிய பண்ணைங்களுக்கு மீத்தேன் குறைக்கற தீவன முறை கட்டாயமானதும் சில விவசாயிங்க மாடு சரியா திங்கலன்னு புகார் சொன்னாங்க. தீவனம் எடுக்கறது கொஞ்சம் குறையறது சில ஆய்வுலயே வந்திருக்கற விஷயம், தினமும் மாட்டு பக்கத்துல நிக்கறவங்க சொல்றத முதல்ல அளந்து பாக்கணும், அதுக்கப்புறம்தான் தீர்ப்பு.

கடல்பாசியும் இதே குடும்பத்து வேலைதான். அஸ்பராகாப்சிஸ்ங்கற சிவப்பு பாசியில புரோமோஃபார்ம் இருக்கு, அது ஆர்க்கியாவுக்குள்ள மீத்தேனா மாறப்போற மெத்தில்ங்கற கார்பன் துணுக்கு கை மாறற படிய முடக்குது. கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவுல கடற்கரையோரம் ஒதுங்கின பாசிய தின்ற மாடுங்க நல்லா இருக்கறத ஒரு விவசாயி கவனிச்சதுலேர்ந்து இந்த ஆராய்ச்சி வளந்தது, அப்புறம் ஆஸ்திரேலியாவுல ஒவ்வொரு பாசியா சோதிச்சதுல இது முன்னாடி வந்து நின்னுச்சு. 2020ல வந்த சோதனையில தீவனத்துல 0.2 சதவீதம் சேத்ததுக்கே 98 சதவீதம் வரைக்கும் மீத்தேன் குறைஞ்சது, 2021ல கலிஃபோர்னியாவுல 80 சதவீதத்துக்கு மேல. இந்த நம்பர்தான் செய்தியில எல்லாம் ஓடுச்சு. 300 நாள் ஓடின ஒரு ஆஸ்திரேலிய சோதனையில கிடைச்சது 28 சதவீதம். பொய்யி ஒண்ணும் இல்ல ரெண்டுலயும், சின்ன சோதனைக்கும் நீண்ட சோதனைக்கும், தீவனத்துக்கும் டோஸுக்கும் உள்ள வித்தியாசம் அது. அதோட பாசியில அயோடின் அதிகம், பாலுலயும் ஏறும், புரோமோஃபார்ம் ஓசோனுக்கு ஆகாத பொருள், அத கடல்ல வளத்து காய வெச்சு வருஷக்கணக்குல சேமிக்கறதும் லேசு இல்ல.

சரி, ஆர்க்கியாவ அடக்கியாச்சு, ஹைட்ரஜன் எங்க போச்சு? அளந்து பாத்தா ஒரு பகுதி வெறும் ஹைட்ரஜன் வாயுவாவே ஏப்பத்துல வெளிய வருது, சாதாரணமா மாட்டு மூச்சுல அது ரொம்ப கம்மியா இருக்கும், 3-என்ஓபி கொடுத்தா பல மடங்கு ஏறுது. இன்னொரு பகுதி புரோப்பியோனேட்டா மாறுது. அதனாலதான் மீத்தேன்ல போன 6 சதவீத சக்தி அப்படியே பாலா திரும்பி வரும்னு போட்ட கணக்கு பலிக்கல, பால் பெரும்பாலும் அதே அளவுதான். விவசாயிக்கு கையில காசா ஒண்ணும் வராத சேர்க்கைய அவர் சொந்த செலவுல ஏன் வாங்கணும்ங்கற கேள்வி இங்கதான் வருது, அதுக்கு யாராவது பணம் கொடுத்துதான் ஆகணும்.

ஹைட்ரஜனுக்கு வேற வேலை கொடுக்கலாம்ங்கற யோசனையில வந்தது நைட்ரேட். ஒரு நைட்ரேட் அமோனியாவா மாற 4 ஹைட்ரஜன் வேணும், ஒரு மீத்தேனுக்கும் அதே 4, அதனால 100 கிராம் நைட்ரேட் முழுசா வேலை செஞ்சா சுமார் 26 கிராம் மீத்தேன் வராம தடுக்கலாம், கிடைக்கற அமோனியாவ கிருமிங்க புரதமா ஆக்கிக்கும், புரதத்துக்காக தீவனத்துல யூரியா போடற செலவு மிச்சம். தாள்ல பாத்தா இத விட நல்ல தீர்வு கிடையாது. ஆனா நடுவுல நைட்ரைட்ங்கற படி ஒண்ணு இருக்கு, அது வேகமா சேந்து ரத்தத்துல ஏறினா ஹீமோகுளோபின் ஆக்சிஜன சுமக்க முடியாம போகும், ரத்தம் சாக்லேட் நிறத்துக்கு மாறும், மாடு மூச்சு திணறி செத்துடும். கொஞ்சம் கொஞ்சமா பல வாரத்துல பழக்கினா நைட்ரைட்ட தின்ற கிருமிங்க பெருகி சமாளிக்கும், பழக்காம ஒரே நாள் கூட கொட்டிட்டா பிழைக்காது. கட்டுப்பாடா கலந்த தீவனம் கொடுக்கற இடத்த தவிர வேற எங்கயும் இத நான் நம்ப மாட்டேன்.

இதே நைட்ரேட் பாதைய வெச்சு கெட்ட கிருமிய கொல்ற ஒரு யோசனை உண்டு, அது எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு. ஈ.கோலை ஓ157 மனுஷனுக்கு ரத்தபேதியும் சிறுநீரக செயலிழப்பும் கொண்டு வர்ற கிருமி, 1982ல அமெரிக்காவுல சரியா வேகாத ஹாம்பர்கரால பரவினப்பதான் முதல்ல அடையாளம் தெரிஞ்சது. மாட்டுக்கு இதால ஒண்ணும் ஆகாது, அந்த விஷம் பிடிக்கற ஏற்பி மாட்டு ரத்தக்குழாய்ல இல்ல, அதனால ஆரோக்கியமா நிக்கற மாடே சாணியில கிருமிய விட்டுட்டிருக்கும். ஈ.கோலைக்கும் சால்மொனெல்லாவுக்கும் நைட்ரேட்ட உடைக்கற ஒரு என்சைம் இருக்கு, அதே என்சைம் குளோரேட்ட பாத்தா நைட்ரேட்டுன்னு நினைச்சு குளோரைட்டா மாத்திடும், குளோரைட் அந்த கிருமிய உள்ளேயே கொன்னுடும். பெருவயித்துல நல்லது பண்ற பெரும்பாலான கிருமிங்களுக்கு அந்த என்சைம் இல்லாததால தப்பிச்சுடும். அமெரிக்க விவசாயத்துறை ஆய்வாளருங்க இத மாட்டுலயும் ஆட்டுலயும் காட்டினாங்க, அவங்களே நைட்ரோஈத்தேன் மாதிரி நைட்ரோ சேர்மங்கள் மீத்தேனையும் குறைக்குது, சில நோய்க்கிருமியையும் அடக்குதுன்னும் பாத்தாங்க. மீத்தேன் ஆராய்ச்சியும் உணவு பாதுகாப்பு ஆராய்ச்சியும் ஒரே எலக்ட்ரான் கணக்குல வந்து சேர்றத இங்க பாக்கலாம்.

தானியத்த நிறுத்தி சில நாள் காய்ஞ்ச புல் கொடுத்தா அமிலத்த தாங்கற ஈ.கோலை வெகுவா குறையுதுன்னு 1998ல அமெரிக்காவோட கார்னெல் பல்கலைக்கழக ஆளுங்க வெளியிட்டாங்க, அது பெரிய செய்தி ஆச்சு, ஆனா அதுக்கப்புறம் ஓ157ய வெச்சு பண்ணின சோதனைங்க ஒரே மாதிரி பதில் தரல, சிலதுல குறைஞ்சது, சிலதுல குறையல. ஓ157 அதிகமா குடியிருக்கறது பெருவயித்துல இல்ல, மலக்குடலோட கடைசியில, அதனால பெருவயித்த மாத்தினா அங்க மாறும்னு சொல்லிட முடியாது. சில லாக்டோபேசிலஸ் வகைகள தீவனத்துல தினமும் கொடுத்த சோதனைங்கள்ல சாணியில ஓ157 விடற மாடுங்களோட எண்ணிக்கை பாதி வரைக்கும் குறைஞ்சிருக்கு. பூச்சியமாகல.

மிச்ச சேர்க்கைகள சுருக்கமா சொல்லிடறேன். கொழுப்பு, தீவனத்துல 1 சதவீதம் கூட்டினா மீத்தேன் 3.5லேர்ந்து 5.6 சதவீதம் வரைக்கும் குறையும், தேங்காய் எண்ணெயில இருக்கற லாரிக் அமிலம் புரோட்டோசோவாவ நல்லா அடக்கும், ஆனா மொத்த கொழுப்பு 6, 7 சதவீதத்த தாண்டினா நார் செரிக்கறது கெட்டுடும். செடியில இருக்கற துவர்ப்புப் பொருளான டானின் புரதத்த பிடிச்சு வெச்சுக்கும், கொஞ்சமா இருந்தா நல்லது, அதிகமானா மாடு திங்காது. சோப்பு மாதிரி நுரைக்கற செடிப்பொருளான சபோனின் புரோட்டோசோவாவோட சவ்வ கிழிக்கும், புரோட்டோசோவா மேல ஒட்டிகிட்டு வாழ்ற ஆர்க்கியாவும் அதோட குறையும், இதுவும் பல நேரம் சில வாரத்துல மங்கிடும், மத்த கிருமிங்க சபோனினையே உடைக்க பழகிடுதுங்க. பூண்டு, மூலிகை எண்ணெய் வகையெல்லாம் பாட்டில்ல பண்ணின சோதனையில பிரமாதமா தெரியும், மாட்டுக்குள்ள போனா பாதி காணாம போயிடும்.

கிருமிங்க பழகிக்கறது எப்பவும் நமக்கு எதிரா இல்ல. சூபாபுல் இலையில மிமோசின்னு ஒண்ணு இருக்கு, வயித்துல உடைஞ்சு தைராய்ட கெடுக்கற பொருளாகும், ஆஸ்திரேலியாவுல அத தின்ன மாடுங்க முடி கொட்டி இளைச்சு போச்சு. ஹவாய் தீவுல அதே இலைய தின்ன ஆடுங்களுக்கு ஒண்ணுமே ஆகல. ரேமண்ட் ஜோன்ஸ்ங்கற ஆய்வாளர் 1980களோட ஆரம்பத்துல அந்த ஆட்டு வயித்து திரவத்த கொண்டு வந்து ஆஸ்திரேலிய விலங்குகளுக்கு விட்டார், விஷம் தாங்க ஆரம்பிச்சுடுச்சு, மேயற மந்தைக்குள்ள ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு அதுவா பரவவும் செஞ்சது. அந்த கிருமிக்கு பின்னாடி அவர் பேரையே சேத்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியைன்னு பேர் வெச்சாங்க. ஒரு தடவை விட்டது தானா தங்கி வேலை செய்யற அந்த மாதிரி ஒரு தீர்வு மீத்தேனுக்கு இன்னும் கிடைக்கல.

ஒரு சேர்க்கைய யாராவது காட்டி இத்தன சதவீதம் குறையும்னா நான் முதல்ல பாக்கறது, அளந்தது பாட்டில்லயா மாட்டுலயா, எத்தன மாசம், ஒரு நாளைக்கு எத்தன கிராம்னு சொல்றாங்களா இல்ல ஒரு கிலோ தீவனத்துக்கா ஒரு லிட்டர் பாலுக்கா. மாடு தீவனமே கம்மியா தின்னா மீத்தேனும் கம்மியாத்தான் வரும், அத சாதனைன்னு எழுதிடலாம். சாதாரண புல்லு, வைக்கோலோட தரம் உயர்ந்தாலே மாடு அதிகம் கறக்கும், ஒரு லிட்டர் பாலுக்கான மீத்தேன் எந்த பொடியும் இல்லாமலே இறங்கும்.

எல்லாத்தையும் விட பெரிய சிக்கல் மேய்ச்சல் மாடுங்கதான். 3-என்ஓபி சில மணி நேரத்துல உடைஞ்சுடும், ஒவ்வொரு வாய் தீவனத்தோடயும் உள்ள போனாத்தான் வேலை செய்யும், தொட்டியில கலந்து வெக்கற பண்ணைக்கு அது சரி, ஆனா உலகத்துல அசைபோடற விலங்குகள்ல பெரும்பகுதி நாள் பூரா வெளிய மேயுதுங்க. அதுக்காக மெதுவா கரைஞ்சு வயித்துலயே தங்கற மாத்திரைகள முயற்சி பண்றாங்க. இன்னொரு வழி கன்னுலேர்ந்து ஆரம்பிக்கறது. 2021ல வந்த ஒரு ஆய்வுல கறவை இன கன்னுங்களுக்கு பிறந்ததுலேர்ந்து 14 வாரம் வரைக்கும் மட்டும் 3-என்ஓபி கொடுத்து நிறுத்திட்டாங்க, ஒரு வயசு தாண்டியும் அந்த கன்னுங்க மத்ததுங்கள விட கம்மியாத்தான் மீத்தேன் விட்டுச்சு, 60 வார வயசுல சுமார் 17 சதவீதம் குறைவு. பெருவயித்துல யாரு குடியேறணும்ங்கறது அந்த முதல் சில வாரத்துலயே முடிவாகுதோ என்னவோ. கன்னு பசுவாகி தானே கன்னு போட்டு கறக்கற வரைக்கும் இது நிக்குதாங்கறதத்தான் நான் ஆவலா எதிர்பாத்துட்டிருக்கேன்.